சென்னை – டொராண்டோ விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி

கனடாவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" இதற்கு ஒருவர் 21 என்பார், இன்னொருவர் 28 என்பார், டிக்கெட்டைப் பார்த்தவர் 12 மணி நேரத்தில் போய்விடலாம் போலிருக்கிறதே என்பார். மூன்றும் ஒரே பயணத்தைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். ஒருவர் வீட்டு வாசலிலிருந்து எண்ணுகிறார், ஒருவர் விமானம் நகர்ந்ததிலிருந்து எண்ணுகிறார், ஒருவர் இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒன்றென்று நினைத்துக் கழிக்கிறார். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் டிக்கெட் எடுக்கும்போது பணமும் தூக்கமும் மிஞ்சும்.

முதலில் தூரம்

சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையம் நேர்த்தூரத்தில் சுமார் 13,390 கி.மீ. மைலில் 8,320. கடல் மைலில் 7,230. இணையத்தில் தேடும்போது இந்த மூன்று எண்களும் அலகு போடாமல் மாறி மாறி வரும். 8,320 என்று பார்த்துவிட்டு அதை கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். ஃபோனைப் படுக்கை வாட்டத்தில் திருப்பினால் பெரும்பாலான கால்குலேட்டர்கள் அப்படி மாறிவிடும்.

1. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. டொராண்டோ: வடக்கு 43.68, மேற்கு 79.63.

2. தீர்க்கரேகை வித்தியாசம் எடுங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 80.17 + 79.63 = 159.80. இரண்டும் கிழக்காக இருந்தால் கழிக்க வேண்டும். விடை 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.6906 = 0.1553.

4. இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளோடு, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.7232 × (−0.9385) = −0.6614.

5. இரண்டையும் கூட்டினால் −0.5061. இதற்குக் கொசைன் தலைகீழ் பொத்தானை அழுத்தினால் 120.4 டிகிரி வரும்.

6. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. ஆக 120.4 × 111.2 = சுமார் 13,390 கி.மீ.

தப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும். சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வர வேண்டும். வராவிட்டால் டிகிரிக்கு மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பூமி கச்சிதமான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் விடையில் அரை சதவீதத்துக்குள் வித்தியாசம் வரலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பள்ளிக்கூட குளோப் ஒன்றை எடுத்து, சென்னையில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை டொராண்டோவுக்கு இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் தானாகவே மேலே ஏறும். ஹைதராபாத்தை ஒட்டிப் போய், டெல்லிக்கு மேற்கே ராஜஸ்தான், பஞ்சாப் பக்கமாகக் கடந்து, பாகிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், யூரல் மலைக்கு மேற்கே ரஷ்யா, பாரன்ட்ஸ் கடல் என்று வடக்கே வடக்கே போகும். 73 டிகிரி வடக்கைத் தாண்டி, கிரீன்லாந்தின் மேலாக இறங்கி, கியூபெக் வழியாக டொராண்டோவைத் தொடும். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் கனடா மேற்கே இருக்கிறது. உண்மையில் சென்னையில் நின்றுகொண்டு டொராண்டோவை நோக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட வடக்கே திரும்ப வேண்டும்.

"போற வழியிலதானே லண்டன்" என்கிற பேச்சை இந்த நூல் பொய்யாக்கிவிடும். லண்டன் அந்த வழிக்கு வெகு தெற்கே கிடக்கிறது.

நேரடி விமானம் இல்லை, அப்புறம்?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. விமானத்தால் முடியாத தூரம் என்று இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நமக்குக் கிடைப்பது எங்காவது இறங்கி மாறும் வழிதான். அந்த வழிகளின் நேர்த்தூரத்தை மேலே சொன்ன முறையிலேயே போட்டால்:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,345 = 13,935 கி.மீ.
லண்டன் வழி: 8,235 + 5,705 = 13,940 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.

மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 610 கி.மீ. வித்தியாசம். விமானத்துக்கு அது முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆக, எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறையும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. பயண நேரத்தைத் தீர்மானிப்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரம். ஒரே ஊர் வழியாக ஒரு டிக்கெட் 21 மணி நேரம் காட்டும், இன்னொன்று 34 மணி நேரம் காட்டும். வித்தியாசம் அத்தனையும் லேஓவர்.

தூரக் கணக்கில் டெல்லிதான் முதலில் நிற்கிறது. ஆனால் நூல் போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள்: பாகிஸ்தானும் ரஷ்யாவும் அதில் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. 2022 பிப்ரவரி கடைசியில் ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட, ரஷ்யாவும் பதிலுக்கு அவர்களுக்கு மூடியது. ஆக எந்த நாட்டு நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்து அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே சுற்றுவழி மாறுகிறது. இணையதளம் காட்டும் தூரம் இந்தச் சுற்றைச் சேர்க்காது, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் சேர்க்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் டிக்கெட்டை நம்புங்கள்.

தூரத்திலிருந்து நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. சுமாராகப் பறக்கின்றன. ஆனால் ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் மெதுவானவை. கைக்கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள்.

சென்னை – துபாய்: 2,930 ÷ 850 = 3 மணி 27 நிமிடம். அரை மணி சேர்த்தால் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட்டிலும் நான்கு மணி நேரம் போலத்தான் இருக்கும்.

துபாய் – டொராண்டோ: 11,080 ÷ 850 = 13 மணி 2 நிமிடம். முக்கால் மணி சேர்த்தால் 13¾. டிக்கெட்டில் 14 மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

கைக்கணக்கைவிட டிக்கெட்டில் கூடுதலாக இருக்கும் அந்த நிமிடங்கள் எதிர்காற்றுக்கு. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் வேகமான காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. கனடா போகும்போது அது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். அதனால்தான் டொராண்டோ – துபாய் திரும்பு பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைகிறது. லண்டன் – டொராண்டோ போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு. காற்று எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு ஓர் அளவு: 2020 பிப்ரவரியில், புயல் சமயத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் அது.

டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் வாசலை விட்டுப் பின்னுக்கு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாசலில் நிற்பது வரை. வானத்தில் இருக்கும் நேரம் அதைவிட இருபது, முப்பது நிமிடம் குறைவு. முன் இருக்கைத் திரையில் "இன்னும் 13 மணி 20 நிமிடம்" என்று வந்தால் விமானம் சீக்கிரம் போகிறது என்று நினைத்து, அழைக்க வருபவரை முன்னதாகக் கிளப்பிவிடாதீர்கள்.

கடிகாரக் கணக்கு: எல்லோரும் தடுமாறும் இடம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் 9½ மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 10½. டொராண்டோதான் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். துபாயிலும் இந்தியாவிலும் இந்தப் பழக்கம் இல்லை. லண்டனில் உண்டு, ஆனால் வேறு தேதிகளில்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. அதனால் மார்ச்சில் இரண்டு, மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டன் – டொராண்டோ வித்தியாசம் ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்காக இருக்கும். அந்த நாட்களில் மனக்கணக்கு போடாதீர்கள்.

ஒரு மாதிரிப் பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். கோடைக்காலம், துபாய் வழி.

சென்னையில் கிளம்புவது அதிகாலை 3:45. நான்கு மணி நேரப் பயணம், துபாய் நம்மைவிட 1½ மணி பின்னால், எனவே இறங்குவது காலை 6:15. மூன்று மணி நேரம் காத்திருப்பு. 9:15-க்குக் கிளம்பி 14 மணி 15 நிமிடம் பறந்தால் துபாய்க் கடிகாரத்தில் இரவு 11:30. டொராண்டோ துபாயைவிட 8 மணி பின்னால், ஆகவே அங்கே அதே நாள் மாலை 3:30.

டிக்கெட்டில் 3:45 – 15:30, அதே தேதி. கழித்தால் 11 மணி 45 நிமிடம். "பன்னிரண்டு மணி நேரந்தான்" என்கிறவர் செய்த கணக்கு இதுதான். 9½ மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் 21 மணி 15 நிமிடம். சரிபார்க்க: 4:00 + 3:00 + 14:15 = 21:15. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி.

திரும்பும்போது நேர்மாறாக ஏமாற்றும். டொராண்டோவில் சனி இரவு 10:00-க்குக் கிளம்புகிறீர்கள். 12 மணி 45 நிமிடம் பறந்து ஞாயிறு மாலை 6:45-க்குத் துபாய். மூன்று மணி நேரம் காத்திருந்து 9:45-க்குக் கிளம்பி, 3 மணி 50 நிமிடத்தில் சென்னை: திங்கள் அதிகாலை 3:05. டிக்கெட்டில் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக "+2" என்று இருக்கும். பார்ப்பதற்கு 29 மணி 5 நிமிடம். கழிக்க வேண்டிய 9½ மணியைக் கழித்தால் 19 மணி 35 நிமிடம். திங்கள்கிழமை காலை ஆபீஸ் போக வேண்டியவர்கள் அந்த "+2"-ஐ இரண்டு தடவை பாருங்கள்.

இதைவிட ஆபத்தான தவறு கிளம்பும் நாளில் நடக்கும். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 3:45 என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் விமானம் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும், டிக்கெட் பணமும் பெரும்பாலும் அதோடு போகும். வீட்டு நாட்காட்டியில் "14, இரவு 12 மணிக்குள் ஏர்போர்ட்" என்று எழுதி வையுங்கள், விமான நேரத்தை எழுதாதீர்கள்.

நடுவில் எவ்வளவு நேரம் வேண்டும்

ஒன்றேகால் மணி நேர இணைப்பு உள்ள டிக்கெட் மலிவாகவும் கச்சிதமாகவும் தெரியும். பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் விமானத்தை விட்டு இறங்கவே இருபது நிமிடம். சில நாட்களில் விமானம் வாசலுக்கு வராமல் தூரத்தில் நிற்கும், பஸ் ஏற வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை வரிசை. அடுத்த விமானத்தின் கேட் கிளம்புவதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் அரை மணி தாமதமானால் மிச்சம் எதுவும் இல்லை. ஒரே டெர்மினலுக்குள் மாறுவதென்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிம்மதியானது. லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் இரண்டரை மணிக்குக் குறையாமல் பாருங்கள்.

இந்த எண்களெல்லாம் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில் முழுப் பயணமும் இருந்தால்தான். அப்போது இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேராக டொராண்டோ போய்விடும், செக்-இன் கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊர் பியர்சன்தானா என்று பார்த்துக்கொண்டால் போதும். சென்னை – டெல்லி தனி, டெல்லி – டொராண்டோ தனி என்று இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் டெல்லியில் பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் டெர்மினல் மாறி, மறுபடி செக்-இன் செய்து, இமிகிரேஷன் முடிக்க வேண்டும். அதற்கு ஆறு மணி நேரமாவது விடுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் டெல்லிப் பனிமூட்டத்தால் காலை விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும், முந்தின நாளே டெல்லி போய்விடுவது உத்தமம். மிச்சப்படுத்திய ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் தகுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்கள் தனியாகப் போகும்போது, தகாது.

அமெரிக்க ஊர் வழியாகப் போகும் டிக்கெட் வந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் இமிகிரேஷன் கடக்க வேண்டும், அதற்கு அமெரிக்க விசா வேண்டும். மற்ற நாடுகளில் டிரான்சிட் விசா விதி பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சொல்வது இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

தேடும்போது ஊர்ப் பெயரைவிட மூன்றெழுத்துக் குறியீடு பத்திரமானது. பியர்சனுக்கு ஒய்-ஒய்-இசட். டொராண்டோவுக்குள்ளேயே தீவில் இன்னொரு சின்ன விமான நிலையம் உண்டு. போதாக்குறைக்கு ஒன்டாரியோ மாகாணத்திலேயே லண்டன் என்ற ஊரும் அதற்கொரு விமான நிலையமும் இருக்கின்றன. அங்கே படிக்கப் போகும் மாணவர்கள் அவசரத்தில் இங்கிலாந்து லண்டனைத் தட்டிவிடுவது வேடிக்கையாகத் தோன்றும், பணம் கட்டிய பிறகு தோன்றாது.

வாசலிலிருந்து வாசல் வரை

21 மணி 15 நிமிடப் பயணத்தின் இரு பக்கமும் இவற்றைச் சேருங்கள்: தாம்பரத்திலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாகப் போய்ச் சேர்வது, பியர்சனில் வெளியே வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஸ்கார்பரோ போன்ற இடத்துக்குக் காரில் முக்கால் மணி. மொத்தம் 28 மணி நேரம். பெரியவர்களின் மாத்திரைகளைக் கைப்பையில் வைக்க வேண்டியது இந்த 28-க்கும் மேலே ஒரு நாளுக்கும் சேர்த்து.

மாணவர்களும் புதிதாகக் குடியேறுகிறவர்களும் பியர்சனில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு அனுமதியையும் வேலை அனுமதியையும் அங்கேதான் அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அந்த வரிசை மட்டுமே இரண்டு மணி நேரம் நீளலாம். டொராண்டோவில் இறங்கி வினிபெக், கால்கரி என்று உள்நாட்டு விமானம் ஏற வேண்டியவர்களுக்கு இமிகிரேஷன் நடப்பது முதலில் இறங்கும் கனடா ஊரில்தான். பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த இணைப்புக்கு நான்கு மணி நேரம் விடுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் டொராண்டோவிலிருந்து கிளம்பும் விமானங்களின் இறக்கையில் படிந்த பனியை மருந்து தெளித்து அகற்றிய பிறகே விடுவார்கள், அதற்கு அரை மணிகூட ஆகும். சென்னைப் பக்கம் நவம்பர், டிசம்பர் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மீனம்பாக்கம் ஓடுபாதையே மூடப்பட்டது. அந்த மாதங்களில் போய்ச் சேர்ந்த மறுநாளே வகுப்பு, வேலை என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

அழைக்க வருபவருக்குச் சொல்லும்போது விமான எண், டொராண்டோ தேதி, கிழமை, டொராண்டோ நேரம், டெர்மினல் எண் ஆகிய ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். இறங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி கழித்து வந்தால் போதும் என்றும் சொல்லிவிடுங்கள், பார்க்கிங் காசு மிஞ்சும். யாரும் வரவில்லை என்றால் முதலாம் டெர்மினலிலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் நகர நடுவில் யூனியன் ஸ்டேஷனில் விட்டுவிடும். கால் மணிக்கு ஒரு ரயில். மூன்றாம் டெர்மினலில் இறங்கினால் இலவச இணைப்பு ரயிலில் முதலாம் டெர்மினலுக்கு வந்து ஏறிக்கொள்ளலாம்.